செய்திக்குறிப்பா, ஃபேஸ்புக் பதிவா?

கேள்வி: சிறிய நிறுவனம் ஒன்றில் மக்கள் தொடர்புப் பணியில் சேர்ந்திருக்கிறேன். பத்திரிகைகளுக்குச் செய்திக்குறிப்பு அனுப்புவதெல்லாம் பழைய காலம், சமூக ஊடகத்தில் போட்டாலே போதும் என்கிறார் முதலாளி. படம், காணொளி எல்லாம் சேர்த்துத் தயாரிக்கும் பல்லூடகச் செய்திக்குறிப்பு என்று ஒன்று இருக்கிறதாமே, அது என்ன? நான் எதைச் செய்வது?

உங்கள் முதலாளி சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்று சொல்வதற்கு முன் என்னைப் பற்றி இரண்டு வரி. கோவையில் ஒரு நாளிதழில் நான்கு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்து, நாள்தோறும் வந்து குவியும் செய்திக்குறிப்புகளைக் குப்பைக்கூடையில் போட்டவன் நான். அந்தப் பாவத்துக்குத் தண்டனையாகப் பதினேழு ஆண்டுகளாக, முதலில் ஒரு தனியார் மருத்துவமனையிலும் இப்போது சொந்தமாகவும், செய்திக்குறிப்பு எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

நான் கூடையில் போட்டவற்றில் பலவற்றில் செய்தி இருக்கத்தான் செய்தது. அவை எனக்கு வேலை வைத்தன, அதனால் போயின. எல்லாக் கணினியிலும் தமிழ் ஒரே மாதிரி திறக்க உதவும் யூனிகோடு முறை பரவாத காலம் அது. ஒவ்வொரு பத்திரிகை அலுவலகத்திலும் ஒவ்வோர் எழுத்துரு. அனுப்புகிறவர் வேறொன்றில் தட்டச்சு செய்திருப்பார். கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஐரோப்பிய எழுத்துகளும் பவுண்டு குறிகளும் கலந்து கஞ்சியாகக் கிடக்கும். தமிழ்நாடு அரசே 2010-இல்தான் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அத்தோடு தொல்லை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அச்சுக் கோர்க்கும் கடையில் பழைய எழுத்துருவில் வடிவமைத்து, பி.டி.எஃப். ஆக்கி, மேலே நிறுவனத்தின் சின்னத்தைப் பளபளவென்று வைத்து அனுப்பும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். இன்னும் சிலர் குறிப்பையே படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். மாலை ஏழு மணிக்குப் பக்கத்தை முடிக்கவேண்டிய நெருக்கடியில் உங்கள் முந்நூறு சொற்களை மறுபடி தட்டச்சு செய்ய உதவி ஆசிரியருக்கு என்ன நேர்த்திக்கடனா?

பல்லூடகச் செய்திக்குறிப்பு என்பதன் விதை இந்தக் கோபத்தில்தான் இருக்கிறது. 2006 பிப்ரவரியில் டாம் ஃபோரெம்ஸ்கி என்ற பத்திரிகையாளர், முன்பு ஃபைனான்சியல் டைம்ஸில் இருந்தவர், தம் வலைப்பதிவில் செய்திக்குறிப்பு செத்தொழியட்டும் என்று தலைப்பிலேயே திரும்பத் திரும்பச் சபித்து ஓர் இடுகை எழுதினார். சாபத்தோடு நிற்காமல் தமக்கு என்ன வேண்டும் என்பதையும் கேட்டிருந்தார்: முதலில் சுருக்கமாக விஷயம், பிறகு மேற்கோள்கள் தனியாக, நிதிக் கணக்கு விவரங்கள் தனியாக, எல்லாவற்றுக்கும் இணைப்புகள். பாராட்டுரையும் சுயபுராணமும் வேண்டாம். துண்டு துண்டாகக் கொடுங்கள், கோர்ப்பது என் வேலை என்பதுதான் சாரம். அதே ஆண்டு மே மாதம் ஷிஃப்ட் கம்யூனிகேஷன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் டாட் டெஃப்ரன் அதற்கேற்ற ஒரு மாதிரிப் படிவத்தை வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டார். படம், காணொளி, ஒலிப்பதிவு, மேற்கோள், தொடர்பு எண் ஒவ்வொன்றுக்கும் அதில் தனித்தனிப் பெட்டி. இன்றைய படிவங்கள் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

அதற்குச் சரியாக நூறு ஆண்டு முன்னால் போனால் 1906 அக்டோபர். அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு ரயில் பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ரயிலை ஓட்டிய பென்சில்வேனியா ரயில்வேக்காக, மக்கள் தொடர்புத் தொழிலின் முன்னோடியான ஐவி லீ எழுதிக்கொடுத்த அறிக்கையை நியூயார்க் டைம்ஸ் அப்படியே அச்சிட்டது. உலகின் முதல் செய்திக்குறிப்பு என்று அதைத்தான் பலரும் சொல்கிறார்கள். லீயின் நடையழகுக்காக அது அச்சேறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ரயில் நிறுவனங்கள் விபத்தை மூடிமறைப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், நிருபர்கள் அலைந்து தேடவேண்டிய தகவல் அவர்கள் கைக்கே வந்து சேர்ந்தது. அன்றும் கதை இதுதான்: பெறுகிறவருடைய வேலை குறைந்தது.

ஆகவே உங்கள் பல்லூடகக் குறிப்பைத் தயாரிக்கும்போது பெறுகிறவரை மனத்தில் வையுங்கள். நாளிதழுக்கு யூனிகோடில் தட்டச்சு செய்த, நகலெடுக்கக்கூடிய எழுத்து. படம் அச்சுக்குப் போகிறது என்றால் பெரிய அளவில் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தானே சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது இணைப்பு கொடுங்கள். படத்தில் இருப்பவர்கள் இடமிருந்து வலமாக யார் யார் என்று எழுதாத படம் செய்தி மேசைக்குப் பாதிப் படம்தான். பெயரைத் தொலைபேசியில் கேட்க வைத்தால் 'கருணாகரன்' மறுநாள் 'கருணாநிதி' ஆகிவிடுவார். பிறகு அவர் உங்களைத்தான் கூப்பிடுவார்.

தொலைக்காட்சிக்காரர்கள் கேட்பது இரண்டே கேள்வி: பைட் இருக்கிறதா, விஷுவல் இருக்கிறதா? பைட் என்றால் உங்கள் ஆள் கேமராவைப் பார்த்துப் பேசும் இருபது, முப்பது விநாடி. விஷுவல் என்றால் செய்தி வாசிப்பவர் பேசும்போது திரையில் ஓடவேண்டிய காட்சிகள். இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் தவறுகிறார்கள். மூன்று நிமிடக் காணொளி எடுத்து, அதற்கு வீரம் ததும்பும் பின்னணி இசை சேர்த்து, மூலையில் சின்னம், கீழே ஓடும் எழுத்து எல்லாம் பதித்து அனுப்புகிறார்கள். அதை எந்தத் தொலைக்காட்சியாலும் வெட்டி ஒட்ட முடியாது. அவர்களுக்கு இசை இல்லாத, எழுத்து இல்லாத, அகலவாக்கில் எடுத்த வெறும் காட்சிகள் வேண்டும். அலங்காரம் செய்த, உயரவாக்கில் வெட்டிய பதிப்பை உங்கள் இன்ஸ்டாகிராமுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதிலே தமிழ் எழுத்தைக் கீழே ஓடவிடுங்கள், பஸ்ஸில் போகிறவர்கள் ஒலியை அடக்கிவிட்டுத்தான் பார்க்கிறார்கள். மருத்துவமனை, பள்ளி போன்ற இடம் என்றால் படத்தில் இருப்பவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் கேமராவை எடுக்கவே எடுக்காதீர்கள். 'அறுவைச் சிகிச்சை முடிந்து மகிழ்ச்சியாக இருக்கிறார், ஒன்றும் சொல்லமாட்டார்' என்ற வாக்கியத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் சொல்லமாட்டார். அவருடைய மைத்துனர் சொல்வார்.

என் சொந்த அனுபவம் ஒன்று. மருத்துவமனை ஓர் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்தியது. 1,240 பேர் பயன்பெற்றார்கள் என்று எழுதி நிருபர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அது பதிவு செய்துகொண்டவர்களின் எண்ணிக்கை. பரிசோதனை செய்துகொண்டவர்கள் 860 பேர். திருத்திய குறிப்பை அனுப்பினேன். அதற்குள் முதல் குறிப்பு நான்கு குழுக்களுக்குப் போயிருந்தது. எங்கள் சமூக ஊடகப் பையன்கள் 1,240 என்று பெரிதாகப் போட்டு அட்டைப்படமும் செய்துவிட்டார்கள். மறுநாள் ஒரு நாளிதழில் 1,240, இன்னொன்றில் 860, ஓர் இணைய இதழில் ஒரே செய்தியில் இரண்டும். தலைமை மருத்துவர் கூப்பிட்டு நிதானமாகக் கேட்டார்: "தம்பி, நாம் உண்மையில் எத்தனை பேரைத்தான் பார்த்தோம்?"

அன்றிலிருந்து ஒரே முறை. எழுத்து, படங்கள், காணொளி, மேற்கோள் எல்லாம் எங்கள் சொந்த இணையதளத்தில் ஒரு பக்கத்தில் இருக்கும். தேதியும் நேரமும் தலைப்பிலேயே இருக்கும். வாட்ஸ்அப்பில் இரண்டு வரிச் சுருக்கமும் அந்தப் பக்கத்தின் இணைப்பும் மட்டும் போகும். தவறு வந்தால் அந்தப் பக்கத்தில் திருத்தி, 'மாலை 4.20-க்குத் திருத்தப்பட்டது, எண்ணிக்கை மாறியிருக்கிறது' என்று மேலேயே எழுதிவிடுவேன். அனுப்பிய கோப்பைத் திருப்பி வாங்க முடியாது; பக்கத்தைத் திருத்த முடியும். நிருபர் சந்தேகப்பட்டால் ஒப்பிட்டுப் பார்க்கவும் ஓர் இடம் இருக்கும். இது சின்ன வசதி இல்லை. 2000 ஆகஸ்டில் எமுலெக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயரில் ஒருவன் பொய்யான செய்திக்குறிப்பு ஒன்றை இணையச் செய்தி விநியோக நிறுவனம் வழியாக அனுப்பிவிட்டான். செய்தி நிறுவனங்களும் அதை எடுத்துப் போட்டன. பொய் என்று வெளிவருவதற்குள், அன்று காலையிலேயே, பங்கு விலை பாதிக்கும் மேல் சரிந்துவிட்டது.

இனி சமூக ஊடகம். 2012 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், அந்தச் சேவையை மக்கள் ஒரே மாதத்தில் நூறு கோடி மணி நேரத்துக்கு மேல் பார்த்திருக்கிறார்கள் என்று தம் சொந்த ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதினார். செய்திக்குறிப்பு எதுவும் வெளியிடவில்லை. எல்லா முதலீட்டாளர்களுக்கும் ஒரே நேரத்தில் தகவல் போகவேண்டும் என்ற விதி மீறப்பட்டதா என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையம் விசாரித்தது. 2013 ஏப்ரலில் வெளியான அதன் அறிக்கை நம் தொழிலுக்கு ஒரு மைல்கல்: சமூக ஊடகத்தில் அறிவிக்கலாம், ஆனால் எந்தக் கணக்கில் அறிவிப்போம் என்பதை முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லியிருக்கவேண்டும். உங்களுடையது பங்குச் சந்தைக்குப் போகாத சின்ன நிறுவனமாக இருக்கலாம். ஆனாலும் இந்தக் கேள்வி உங்களுக்கும் உண்டு. முதலாளியின் சொந்தக் கணக்கு, நிறுவனத்தின் பக்கம், விற்பனைப் பிரிவு தனியாக நடத்தும் இன்னொன்று, இவற்றில் எது அதிகாரபூர்வமானது? அதை முடிவு செய்து இணையதளத்தில் எழுதி வையுங்கள்.

சமூக ஊடகத்துக்கு இன்னொரு குணம் உண்டு. செய்திக்குறிப்பை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பதிவைப் போட்டுவிட்டுப் போக முடியாது. கீழே கேள்விகள் வரும். 2009 ஏப்ரலில் டோமினோஸ் பீட்சாவின் அமெரிக்கக் கிளை ஒன்றில் இரண்டு ஊழியர்கள் உணவை அருவருப்பாகக் கையாளும் காணொளியை யூடியூபில் போட்டார்கள். பதில் சொன்னால் விஷயம் பெரிதாகிவிடுமோ என்று நிறுவனம் முதலில் தயங்கியது. அதற்குள் லட்சக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள். இரண்டே நாளில் அதன் அமெரிக்கப் பிரிவின் தலைவர் பேட்ரிக் டாயில் யூடியூபிலேயே தோன்றி மன்னிப்புக் கேட்டார். கேமராவை நேராகப் பார்க்காமல் எதையோ படிப்பதுபோலப் பேசினார் என்று குறை சொன்னவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், எங்கே தீப்பிடித்ததோ அங்கேயே தண்ணீர் ஊற்றினார் என்பதுதான் பெரிது.

நம் ஊருக்குத் தெரிந்த கதை மேகி. 2015 ஜூன் 5 அன்று ஈயம் அளவுக்கு மேல் இருப்பதாகச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையம் மேகி நூடுல்ஸைத் திரும்பப் பெற உத்தரவிட்டது. அதற்கு முந்தைய வாரங்களில், அதைத் தயாரிக்கும் நெஸ்லே பெரும்பாலும் மௌனமாக இருந்தது. பேசியபோது சட்டத்துறை எழுதிய அறிக்கைபோலப் பேசியது. ஈயம் எத்தனை பங்கு, எந்த ஆய்வகம் என்ற விவாதம் ஒரு பக்கம் நடக்க, வீட்டில் தாய்மார்கள் கேட்டது ஒரே கேள்வி: குழந்தைக்குக் கொடுக்கலாமா, வேண்டாமா? அதற்கு அந்த அறிக்கைகளில் மனிதக் குரலில் பதில் இல்லை. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. அதை ஒட்டி, தனியாகத் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்கள் மேகி இல்லாமல் தவிக்கும் சின்னச் சின்னக் காணொளிகளை நிறுவனம் இணையத்தில் விட்டது. நவம்பரில் சரக்கு கடைக்கு வந்தது. காணொளிகள் நன்றாகவே இருந்தன. ஆனால் மே மாதத்தில் ஒரு பொறுப்பாளர் கேமரா முன் இரண்டு நிமிடம் பேசியிருந்தால் ஆகஸ்டில் இவ்வளவு உருகவேண்டி வந்திருக்காது என்பது என் எண்ணம்.

யூடியூபர்களையும் இன்ஸ்டாகிராம் பிரபலங்களையும் அழைப்பது பற்றி முதலாளி கட்டாயம் கேட்பார். அழையுங்கள். ஆனால் பணமோ பரிசுப் பொருளோ கொடுத்தால் அது விளம்பரம். விளம்பரம் என்று அவர்கள் பதிவில் குறிப்பிடவேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணய அமைப்பு 2021-இல் வழிகாட்டு நெறிகளே வகுத்திருக்கிறது. அவர்களுக்கும் அதே பக்கத்தின் இணைப்பைக் கொடுங்கள், நிருபருக்கு ஒன்று அவர்களுக்கு ஒன்று என்று இரண்டு எண்ணிக்கை வேண்டாம். எண்ணிக்கை விஷயத்தில் நான் சூடுபட்ட பூனை.

உங்கள் முதலாளியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: வாடிக்கையாளரிடம் பேசவும் புகாருக்குப் பதில் சொல்லவும் சமூக ஊடகம், அதில் அவர் சொல்வது சரி. ஆனால் நம் புதுக் கிளை ஒன்றின் திறப்பு விழாவை ஃபேஸ்புக்கில் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே நம்மைத் தெரிந்தவர்கள். மாவட்டப் பதிப்பின் நான்காம் பக்கத்தில் நான்கு வரி வந்தால்தான் தெரியாதவர்களுக்குப் போகும். அந்த நான்கு வரியை வெட்டிப் படமெடுத்து முதலாளியே தம் ஸ்டேட்டஸில் வைப்பார், நீங்கள் வேண்டுமானால் பாருங்கள்.

நாளைக்கே செய்யக்கூடிய ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் நிறுவனத்தின் பழைய செய்திக்குறிப்பு ஒன்றை எடுத்து, அடியில் 'மேலும் விவரங்களுக்கு' என்று இருக்கும் கைப்பேசி எண்ணை மாலை ஆறரை மணிக்கு அழைத்துப் பாருங்கள். நான் புதிதாக ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்யப் போனால் முதலில் அதைத்தான் செய்வேன். போன மாதம் அழைத்தபோது எடுத்தவர், தாம் அந்த வேலையை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்றும், நிருபர்கள் இன்னும் கூப்பிடுகிறார்கள் என்றும், யாரிடமாவது சொல்லி எண்ணை எடுக்கச் சொல்லுங்கள் சார் என்றும் சொன்னார்.