ரஷ்யாவில் தடை செய்யப்பட்ட மதத்தினருக்காக நான் மனு எழுதலாமா?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் எதிர்வீட்டுக் குடும்பம் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. ரஷ்யாவில் அவர்களுடைய மதத்தைத் தடை செய்து, ஆட்களை ஜெயிலில் போடுவதாகச் சொல்லி வருத்தப்பட்டார்கள். 2017-ல் உலகம் முழுக்க அவர்கள் கடிதம் எழுதினார்களாம். நான் இந்து. நானும் ரஷ்ய அரசுக்கு எழுதலாமா? யாருக்கு, எப்படி? எழுதினால் யாருக்காவது தொந்தரவு வருமா?"

தாராளமாக எழுதலாம். அந்த மதத்தைச் சேராத ஒருவர் எழுதுவதற்குத் தனி மதிப்பும் உண்டு. ஆனால் என்ன கேட்பது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு நடந்தது தெரிய வேண்டும்.

ரஷ்யாவில் 2002-ல் தீவிரவாதச் செயல்களைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. 2006-ல் அதைத் திருத்தியபோது, மதப் பகையைத் தூண்டுவதாகக் குற்றம் சாட்ட வன்முறையோ வன்முறை மிரட்டலோ இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். 'எங்கள் மதமே உண்மை' என்று சொல்வதையே தீவிரவாதமாகக் காட்ட இது வழி திறந்தது. ஆயுதம் தொடுவதில்லை, ராணுவத்தில் சேருவதில்லை என்பதைக் கொள்கையாகக் கொண்ட யெகோவாவின் சாட்சிகள் இந்தச் சட்டத்தில் மாட்டியது இப்படித்தான். 2017 ஏப்ரல் 20 அன்று ரஷ்ய உச்ச நீதிமன்றம் அவர்களுடைய தலைமை மையத்தையும் 395 உள்ளூர் அமைப்புகளையும் கலைத்து, சொத்துகளை அரசுடைமையாக்கியது. அப்போது அங்கே அவர்கள் சுமார் 1,75,000 பேர். ஜூலையில் மேல்முறையீடும் தோற்றது.

நீங்கள் சொல்லும் கடித இயக்கம் இந்தத் தீர்ப்புக்கு முந்தைய மாதம் நடந்தது. உலகெங்கும் உள்ள சுமார் 80 லட்சம் யெகோவாவின் சாட்சிகளையும் ரஷ்யத் தலைவர்களுக்கு எழுதும்படி அழைத்தார்கள். ஆனாலும் தடை வந்துவிட்டது. அதற்காகக் கடிதம் எழுதுவதே வீண் என்று நான் நினைக்கவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது 'தடை வேண்டாம்' என்று பொதுவாகக் கேட்பதும், இன்றைய நிலையில் நீங்கள் கேட்கக்கூடியதும் வேறு வேறு.

அடுத்து நடந்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 2018 டிசம்பரில், தன் மனித உரிமைக் குழுவின் கூட்டத்தில் அதிபர் புதினே, இவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஏன் துன்புறுத்துகிறார்கள் என்று தனக்குச் சரியாகப் புரியவில்லை என்ற பொருளில் பேசினார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2019 பிப்ரவரி 6 அன்று ஓரியோல் நகரில் இந்த மதத்தைச் சேர்ந்த டென்னிஸ் கிறிஸ்டென்சன் என்ற டென்மார்க் நாட்டவருக்கு 6 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். அதிபர் வாய்விட்டுச் சொன்னதே கீழே இருக்கும் விசாரணை அதிகாரியை நிறுத்தவில்லை என்றால், 'ஐயா, மனம் இரங்குங்கள்' என்று மட்டும் நாம் எழுதிப் பயனில்லை. அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும்.

அப்படிப் பிடித்துக்கொள்ள மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ரஷ்ய அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு, தனியாகவோ மற்றவர்களோடு சேர்ந்தோ எந்த மதத்தையும் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. தடை அமைப்புக்குத்தான், நம்பிக்கைக்கு இல்லை என்று அதிகாரிகளே சொல்லி வந்திருக்கிறார்கள். மூன்றாவதுதான் வலுவானது: 2021 அக்டோபர் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு, கலைக்கப்பட்ட ஓர் அமைப்பைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து வழிபடுவது மட்டுமே குற்றமாகாது என்று விளக்கம் கொடுத்தது. அடுத்த மாதமே விளாதிவோஸ்டோக்கில் ஒருவரை நீதிமன்றம் விடுவித்தது. வருத்தமான விஷயம், அந்த விடுதலையை மேல் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கைதுகளும் தொடர்கின்றன. ஆனாலும் அந்த விளக்கம் ஏட்டில் இருக்கிறது. அதைப் பின்பற்றச் சொல்லித்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

அதிபர் அலுவலகத்தின் முகவரி: இலியின்கா தெரு 23, மாஸ்கோ, அஞ்சல் எண் 103132. தலைமை அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மனுக்களுக்கென்றே 2006-ல் அங்கே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். பொதுவாக வெளிநாட்டவருக்கும் அது பொருந்தும். பெயர், பதில் முகவரி, கையெழுத்து, தேதி இருக்க வேண்டும். மொட்டைக் கடிதத்துக்குப் பதில் கிடையாது. வசைச் சொல் இருந்தால் ஒதுக்கிவிடலாம். ஒரு குறிப்பிட்ட தீர்ப்பை மாற்றச் சொன்னால், மேல்முறையீட்டு வழியைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே 'இன்னாரை விடுதலை செய்யுங்கள்' என்று எழுதாமல், 'முழு அமர்வின் விளக்கத்தை விசாரணை அதிகாரிகள் பின்பற்றும்படி செய்யுங்கள்' என்று எழுதுங்கள். பதிவான மனுவுக்கு 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். ரஷ்ய மொழியில் ஒரு பக்கம் போதும்.

உங்களால் மட்டுமே எழுதக்கூடிய ஒரு பத்தியும் அதில் இருக்கட்டும். 1985-ல் கேரளத்தில் இதே மதத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து நின்றார்கள் என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்ட் 11 அன்று நம் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு அவர்களை மீண்டும் சேர்க்கச் சொன்னது. நம் மரபும் தத்துவமும் அரசியல் சட்டமும் சகிப்புத்தன்மை உடையவை, அதை நீர்த்துப்போகச் செய்ய வேண்டாம் என்று அந்தத் தீர்ப்பு முடிகிறது. "நான் இந்து, என் எதிர்வீட்டார் இந்த மதத்தினர், அவர்களால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை, எங்கள் உச்ச நீதிமன்றம் இப்படிச் சொல்லியிருக்கிறது" என்று நேராக எழுதுங்கள். எல்லோரும் ஒரே வாசகத்தை நகல் எடுத்து அனுப்பும் மனுவில் இது கிடைக்காது.

தொந்தரவு வருமா என்று கேட்டீர்களே, அதில்தான் நிறைய எச்சரிக்கை வேண்டும். ஆபத்து உங்களுக்கு அல்ல, அங்கே இருப்பவர்களுக்கு. ரஷ்யாவில் இருக்கும் யாருடைய பெயரையும் ஊரையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் எழுதவே எழுதாதீர்கள். உங்கள் எதிர்வீட்டார் கேள்விப்பட்ட பெயராக இருந்தாலும் சரி. பணம் அனுப்பாதீர்கள், தீவிரவாத அமைப்புக்கு நிதி என்று தனிக் குற்றப்பிரிவு இருக்கிறது, வாங்கியவர் மாட்டிக்கொள்வார். அவர்களுடைய பைபிள் மொழிபெயர்ப்பையே 2017-ல் ஒரு நீதிமன்றம் தீவிரவாத நூல் என்று அறிவித்தது. அதனால் புத்தகமோ துண்டுப் பிரசுரமோ இணைய முகவரியோ உறைக்குள் வேண்டாம்.

பன்னாட்டு வழிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூன் 7 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இந்தத் தடை சட்டவிரோதம், கைதிகளை விடுவியுங்கள், சொத்துகளைத் திருப்பிக் கொடுங்கள் அல்லது சுமார் 6 கோடி யூரோ கொடுங்கள் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதற்கு முன்பே, மார்ச்சில், அந்த நீதிமன்றம் சார்ந்திருக்கும் ஐரோப்பிய கவுன்சிலிலிருந்து ரஷ்யா வெளியேற்றப்பட்டிருந்தது. மார்ச் 15-க்குப் பிறகு வரும் தீர்ப்புகளை நிறைவேற்ற மாட்டோம் என்று உள்நாட்டில் சட்டமும் போட்டுவிட்டார்கள். இப்போது திறந்திருக்கும் கதவு ஐ.நா.தான். மத சுதந்திரத்துக்கான சிறப்பு அறிக்கையாளருக்கும் தன்னிச்சையான சிறைவைப்பு குறித்த பணிக்குழுவுக்கும் எழுதலாம். அந்தப் பணிக்குழு 2020-ல் 18 யெகோவாவின் சாட்சிகள் சார்பாகக் கருத்துரை வழங்கியிருக்கிறது. ஆனால் இவை பாதிக்கப்பட்டவரோ அவர் சம்மதித்த ஒருவரோ கொண்டுபோக வேண்டியவை; அதை அவர்களுடைய வழக்கறிஞர்களிடம் விட்டுவிடுங்கள்.

நீங்கள் மத்திய அரசு ஊழியராக இருந்தால் மட்டும் ஒன்று: 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 9-வது விதி, வெளிநாட்டு அரசோடு இந்தியாவுக்கு உள்ள உறவைச் சங்கடப்படுத்தும்படி வெளிப்படையாகக் கருத்து சொல்வதைத் தடுக்கிறது. தனிக் கடிதமாக அனுப்புவதற்கு முன்பும் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரிகையிலோ சமூக ஊடகத்திலோ போடாதீர்கள். மாநில அரசு ஊழியர் என்றால் உங்கள் துறை விதிகளையும் பாருங்கள். மற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. எழுதி முடித்ததும், அனுப்புவதற்கு முன், எதிர்வீட்டாரிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். அவர்கள் நீக்கச் சொல்வதை, காரணம் கேட்காமல் நீக்கிவிடுங்கள்.