இரைச்சல் இசை வாங்குவோருக்கு: கேசட்டில் பழுதா, இசையே அப்படியா?

கேள்வி: சிறு வெளியீட்டகம் ஒன்றிடமிருந்து அண்மையில் ஒரு நாய்ஸ் (இரைச்சலையே இசையாக்கும் வகை) கேசட் வாங்கினேன். முதல் பக்கத்தின் நடுவே சில நொடிகள் இடப்புற ஒலி மங்கி அடங்கிவிடுகிறது. இது பழுதா, கலைஞர் வேண்டுமென்றே செய்ததா என்று தெரியாததால் மாற்றித் தரும்படி கேட்கத் தயங்குகிறேன். எப்படிக் கண்டறிவது?

பதில்: தயங்க வேண்டியதில்லை. இரைச்சலை விரும்பி வாங்கியவர் பழுதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதில் நியாயமில்லை. கலைஞர் பதிவுசெய்த இரைச்சலுக்குத்தான் நீங்கள் பணம் கொடுத்தீர்கள். எனினும் உங்கள் ஐயம் இயல்பானதே. 1975இல் வெளிவந்த, அமெரிக்க ராக் கலைஞர் லூ ரீடின் ‘மெட்டல் மெஷின் மியூசிக்’ இரட்டை இசைத்தட்டில், நான்காம் பக்கத்தின் கடைசிப் பள்ளம் வட்டமாக மூடப்பட்டிருந்ததால், ஊசியைக் கையால் தூக்கும்வரை ஒலி முடியாமல் சுழன்றுகொண்டே இருந்தது. அது திட்டமிட்டே செய்யப்பட்டது. பழைய கேசட்டுகளின் மேலேயே பதிவுசெய்யும் வெளியீட்டகங்களும் உண்டு.

முதலில், நன்றாக ஒலிக்கும் வேறொரு கேசட்டை அதே டெக்கில் (கேசட் ஓட்டும் கருவியில்) ஓட்டிப் பாருங்கள். அதுவும் மங்கினால் குறை டெக்கில்தான் இருக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால், நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து, நன்கு காய்ந்தபின் மீண்டும் கேளுங்கள். அந்த வேறு கேசட் தெளிவாக ஒலித்தால், உங்கள் கேசட்டில் ஐயத்துக்குரிய இடத்தில் நாடாவை நிறுத்தி, கேசட்டை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பாருங்கள். கேசட் நாடாவின் அகலத்தில் ஒரு பாதி முதல் பக்கத்துக்கும் மறுபாதி இரண்டாம் பக்கத்துக்கும் உரியது. ஒவ்வொரு பக்கத்திலும் இடப்புற ஒலித்தடம் நாடாவின் வெளி ஓரத்தை ஒட்டியே ஓடுகிறது. ஆகவே ஓரம் மடங்கியோ சுருண்டோ போனால் முதலில் அடிபடுவது இடப்புற ஒலிதான். நீங்கள் சொல்லும் அறிகுறி இதற்கு அப்படியே பொருந்துகிறது. மாறாக, நாடாவின் முழு அகலத்துக்கும் மடிப்பு விழுந்திருந்தால் குறை இரு பக்கங்களிலும் தெரியும்: பக்கத்துக்கு 30 நிமிடம் ஓடும் கேசட்டில், முதல் பக்கத்தின் 10ஆம் நிமிடத்தில் உள்ள மடிப்பு மறுபக்கத்தின் 20ஆம் நிமிடத்தை ஒட்டி மீண்டும் கேட்கும்.

எல்லாவற்றிலும் உறுதியான சான்று டிஜிட்டல் கோப்பு. கேசட்டுடன் பெரும்பாலும் பதிவிறக்கக் குறியீடும் வரும். அந்தக் கோப்பிலும் அதே இடத்தில் அதே அடங்கல் இருந்தால் அது இசையின் பகுதி, இல்லையென்றால் பழுது. பக்கம், நிமிடம், நொடி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, வேறு கேசட்டை ஓட்டிச் சோதித்ததையும் சொல்லி, அந்த இடத்தின் சிறு ஒலிப்பதிவை இணைத்து எழுதுங்கள். தாங்களே ஒவ்வொரு பிரதியாகப் பதிவுசெய்து விற்கும் சிறு வெளியீட்டகங்களுக்கு மாற்றுப்பிரதி எடுத்துத் தருவது பெரிய வேலையன்று.

கேள்வி: கலைஞர்களிடமிருந்து நேரடியாக இசை வாங்கும் தளமான பேண்ட்கேம்ப்பில் இலவசமாகக் கேட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறேன். ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் கோப்புகள் மிகப் பெரிதாக உள்ளன. எம்.பி.3 போதாதா?

பதில்: பிற இசைக்குப் போதும் என்பேன், இதற்கு அப்படிச் சொல்ல மாட்டேன். சி.டி. தரத்தில் 60 நிமிட ஸ்டீரியோ ஒலி ஏறத்தாழ 635 மெகாபைட் இடம் பிடிக்கும். அடுத்து வரும் மதிப்பை முந்தைய மதிப்புகளிலிருந்து கணிப்பதன் மூலமே ஃபிளாக் அதைச் சுருக்குகிறது. அடர்ந்த இரைச்சலை அப்படிக் கணிக்க முடியாது. அதனால்தான் கோப்பு பெரிதாக இருக்கிறது. காதுக்கு எட்டாது என்று கருதுவதையெல்லாம் நீக்கிவிடும் எம்.பி.3, நொடிக்கு 320 கிலோபிட் அளவில் அதே ஒரு மணி நேரத்தை 144 மெகாபைட்டில் அடக்குகிறது. பிட் அளவு குறையக் குறைய, கூர்மையாக இருக்க வேண்டிய இரைச்சல் நீருக்குள் குமிழிடுவதுபோல் கலங்கும். பேண்ட்கேம்ப்பில் வாங்கும் முன் நீங்கள் கேட்பது 128 கிலோபிட் எம்.பி.3 என்பதால், அதை மட்டும் கேட்டு ஒரு படைப்பை ஒதுக்கிவிட வேண்டாம். ஒருமுறை வாங்கினால் எந்த வடிவிலும் பதிவிறக்கலாம். ஃபிளாக்கைக் கணினியில் சேமித்துக்கொண்டு, கைப்பேசிக்கு மட்டும் எம்.பி.3 வைத்துக்கொள்ளுங்கள்.

நேரடியாக வாங்க வேறொரு காரணமும் இருக்கிறது. 12 மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாடலுக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபை எதுவும் தருவதில்லை. இத்துறையின் வெளியீடுகளில் பல அந்த எண்ணிக்கையை எட்டுவது அரிது. பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காட்டையும், கேசட், இசைத்தட்டு போன்ற பொருள்களில் 10 விழுக்காட்டையும் எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றக் கட்டணம் போக எஞ்சுவது படைத்தவருக்கே போகிறது.

கேள்வி: 50 பிரதிகள் மட்டுமே வெளிவந்த கேசட் தீர்ந்துவிட்டது. மறுவிற்பனையில் பல மடங்கு விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இசைக்காக என்றால் வேண்டாம். கேசட் தீர்ந்தாலும் டிஜிட்டல் பதிப்பு பெரும்பாலும் விற்பனையிலேயே இருக்கும். மறுவிற்பனை விலையில் கலைஞருக்கு ஒன்றும் சேராது. கைவேலைப்பாடுள்ள அட்டைக்காக, அந்தப் பொருளையே விரும்பி வாங்குவதென்றால், இசைத்தட்டு, கேசட் மறுவிற்பனைத் தளமான டிஸ்காக்ஸில் அது முன்பு உண்மையில் விற்ற விலைகளைப் பாருங்கள். இப்போது கேட்கப்படும் விலை எதற்கும் அளவுகோலன்று. விற்பவர் தரும் தரமதிப்பீடு பெரும்பாலும் கண்ணால் பார்த்துச் சொன்னதாக இருக்கும் என்பதால், ஓட்டிக் கேட்டாரா என்று கேளுங்கள். சி.டி.ஆர். (கணினியிலேயே பதிவுசெய்யக்கூடிய சி.டி.) என்றால் இன்னும் கவனம் தேவை. அதன் பதிவு சாயப் படலத்தில் இருப்பதால், வெளிச்சத்திலும் வெப்பத்திலும் ஆண்டுகள் செல்லச் செல்ல அது கெடும். கடைசித் தடம்வரை படிக்க முடிகிறதா என்று உறுதிசெய்துகொண்டே வாங்குங்கள், கைக்கு வந்த அன்றே கணினியில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.