உதவித்தொகை எந்த மேசையில் நிற்கிறது?

வாசகர் கேள்வி – பதில்: கல்வி நிதியும் அரசின் பொறுப்பும்

கேள்வி: பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஆதிதிராவிடர் வகுப்பு மாணவி நான். போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகையில் மாநில அரசின் பங்கு என் கணக்கில் ஏறிவிட்டது. மத்திய அரசின் பங்கு மட்டும் வரவே இல்லை. பாக்கியைக் கட்டினால்தான் சான்றிதழைத் தருவோம் என்கிறது கல்லூரி. யாரைப் போய்க் கேட்பது? – வாசகி, விழுப்புரம்

மாநிலப் பங்கு வந்திருப்பது நல்ல சேதி. 2021-ல் வந்த வழிகாட்டு நெறிமுறைப்படி இந்தத் திட்டத்தின் செலவை மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் ஏற்கின்றன. மாநிலம் முதலில் தன் 40 சதவீதத்தைப் போட வேண்டும். அதன் பிறகே மத்திய சமூக நீதி அமைச்சகம் 60 சதவீதத்தை நேராக மாணவர் கணக்கில் போடும். 40 வந்துவிட்டதால் உங்கள் சாதிச் சான்று, வருமானச் சான்று, கல்லூரியின் சரிபார்ப்பு எல்லாம் முடிந்துவிட்டன. அவற்றைத் திரும்பக் கேட்டு உங்களை யாராவது அலைக்கழித்தால், எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

இனி பணம் நிற்கக்கூடிய இடம் இரண்டுதான். மத்திய அரசு அனுப்பி, வங்கி திருப்பியிருக்கலாம். அல்லது உங்கள் பெயர் மாநிலத்திலிருந்து மத்திய அரசுக்குப் போகாமலே இருக்கலாம். முதலாவதைப் பார்க்கச் செலவில்லை, அரை மணி நேரம் போதும். அதை முதலில் பாருங்கள்.

ஆதார் இணையதளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து நுழைந்தால், எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறது என்று காட்டும். பலர் சறுக்குவது இங்கேதான். கணக்கு தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்ததாலேயே நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு இணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதற்குத் தனியாக ஒப்புதல் படிவம் தர வேண்டும். இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்தால், கடைசியாக எதை இணைத்தீர்களோ அதற்குத்தான் பணம் போகும். விண்ணப்பத்தில் எழுதிய கணக்கைப் பார்த்துவிட்டு, பணம் வரவில்லை என்று காத்திருக்கும் பிள்ளைகளின் தொகை வேறொரு பழைய கணக்கில் கிடப்பது உண்டு. நீண்ட நாள் பரிவர்த்தனை இல்லாமல் முடங்கிய கணக்கு, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வரவு ஏற்காத ‘சிறு கணக்கு’ ஆகியவையும் பணத்தைத் திருப்பிவிடும். வங்கியில் கேஒய்சி (அடையாளம், முகவரி) ஆவணங்களை முழுமையாகக் கொடுத்தால் இரண்டும் சரியாகும்.

வங்கிப் பக்கம் குறை இல்லையென்றால், மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகத்துக்கு எழுதுங்கள். கேட்க வேண்டியது ஒன்றே: ‘எனக்கு மாநிலப் பங்கு வழங்கிய விவரம் மத்திய அரசுக்கு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது?’ கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

கல்லூரியின் நெருக்கடிக்கு வருவோம். கட்டண பாக்கிக்குச் சான்றிதழைப் பிணையாக வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 மாணவர் குறைதீர் விதிமுறைகளும் அசல் சான்றிதழ்களைத் தர மறுப்பதை, உதவித்தொகை தாமதத்தைப் போலவே, குறையாகக் கணக்கில் எடுக்கின்றன. கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். அவர்களுக்கு 15 வேலை நாள் அவகாசம். முடிவு பிடிக்கவில்லை என்றால், அது கைக்கு வந்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

பணம் வந்ததும் முழுத் தொகையையும் கல்லூரியில் கட்டிவிட வேண்டாம். அதில் கல்விப் படியும் அடக்கம். பொதுப் பட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு விடுதியில் தங்குபவருக்கு 6,000 ரூபாய், மற்றவருக்கு 3,000 ரூபாய். அது உங்களுடையது.

கேள்வி: எங்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஏன் உதவித்தொகை தரவில்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். ‘கேள்வி தகவல் என்ற வரையறைக்குள் வராது’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். – வாசகர், தர்மபுரி

‘ஏன்’ என்று கேட்டால் தப்பிக்க வழி கொடுத்துவிடுகிறோம். சட்டத்தின் 2(எஃப்) பிரிவில் தகவல் என்பது ஏற்கெனவே ஏட்டில் இருப்பது. விளக்கம் எழுதித் தரும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை. காரணம் நமக்குத் தெரிய வேண்டும்தான், ஆனால் அதை ஆவணத்திலிருந்துதான் பிடுங்க முடியும். அதே கேள்வியை இப்படி மாற்றுங்கள்:

‘1. இந்தக் கல்லூரியிலிருந்து இந்தக் கல்வியாண்டில், இந்தத் திட்டத்தின் கீழ் வந்த விண்ணப்பங்களின் எண்ணிக்கை. 2. அவற்றில் கல்லூரி அளவில், மாவட்ட அளவில், இயக்குநரக அளவில் நிலுவையில் உள்ளவை எத்தனை? 3. கருவூலத்துக்குப் பட்டியல் அனுப்பிய தேதியும் பட்டியல் எண்ணும். 4. நிதி ஒதுக்கீட்டு ஆணையின் நகல். 5. இது தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல்.’

ஐந்தாவதை மறக்கவே கூடாது. கோப்பு எந்த மேசைக்கு என்று வந்தது, என்று நகர்ந்தது, யார் என்ன எழுதினார் என்பதெல்லாம் குறிப்புப் பக்கத்தில் இருக்கும். நீங்கள் கேட்ட ‘ஏன்’ அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு மனுவுக்கு ஒரு திட்டம், ஒரு கல்வியாண்டு, ஒரு நிறுவனம். ஐந்து ஆண்டு விவரத்தை அள்ளிக் கேட்டால், திரட்டித் தர அலுவலக உழைப்பு பெருமளவில் திசைதிரும்பும் என்பார்கள். மற்ற மாணவர்களின் பெயரோ வங்கி எண்ணோ கேட்காதீர்கள். தனிநபர் தகவல் என்று மறுப்பார்கள். எண்ணிக்கையும் தேதியும் போதும்.

மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகத்துக்கு வில்லை ஒட்டி அனுப்பினால் திரும்பி வரும். அஞ்சல் ஆணை எடுங்கள் அல்லது இணையத்தில் செலுத்துங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர் சான்று வைத்தால் கட்டணமே இல்லை. சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அலுவலகத்தில் மனு கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் 5 நாளுக்குள் அவர்களே 6(3) பிரிவின்படி மாற்றி அனுப்ப வேண்டும். ‘எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று உங்களிடம் திருப்பக் கூடாது.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம். அவர் 30 நாளில், காரணம் பதிவு செய்தால் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சம் 25,000 ரூபாய் அபராதம் தகவல் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து. மேல்முறையீட்டில் இருபதாவது பிரிவை ஒரு வரி குறிப்பிடுங்கள். கெடுவைத் தவறவிட்டிருந்தால் கவலை வேண்டாம், மேலே உள்ள வடிவில் புது மனு போட்டுவிடுங்கள். அதுவே விரைவு.

கேள்வி: மகன் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் படிக்கிறான். அரசு பணம் தரவில்லை, நீங்கள் கட்டுங்கள் என்கிறது பள்ளி. – வாசகர், சேலம்

கட்டத் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டம் 12(2) பிரிவின்படி அந்தத் தொகை பள்ளிக்கும் அரசுக்கும் இடையிலான கணக்கு. மத்திய அரசு, பி.எம். ஸ்ரீ (மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டம்) ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை என்று, இந்தத் தொகையும் அடங்கிய சமக்ர சிக்ஷா (ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம்) நிதியை நிறுத்தியதும், மாநிலம் 2025-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் உண்மைதான். இரண்டு அரசுகளின் சண்டைக்கான விலையை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் வசூலிப்பது அநியாயம். பள்ளி கேட்பதை எழுத்தில் வாங்கி, 32-வது பிரிவின் கீழ் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் புகார் கொடுங்கள். மூன்று மாதத்துக்குள் முடிவு தர வேண்டும்.

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர் நான். தீர்மானப் புத்தகத்தை நீட்டினால் கையெழுத்துப் போடுகிறேன். மானியக் கணக்கை எப்படிப் பார்ப்பது? – வாசகி, சிவகங்கை

மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு உங்கள் குழுவுக்குக் கொடுத்த வேலை. யாரிடமும் தயவு கேட்பதாக நினைக்க வேண்டாம்.

முதலில் எவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சமக்ர சிக்ஷாவின் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு. இது உச்ச அளவு, ஆகவே உண்மையில் வந்த தொகையையும் தேதியையும் கேளுங்கள். ஆண்டு முடிய ஒன்றிரண்டு மாதம் இருக்கும்போது விடுவித்து, மார்ச் 31-க்குள் செலவழி என்றால் அவசரக் கொள்முதல்தான் நடக்கும். அந்தத் தவறு தலைமையாசிரியருடையது அல்ல, மேலே உள்ளவர்களுடையது. தேதியைத் தீர்மானத்தில் பதிவு செய்யுங்கள்.

அடுத்து ரசீதுகளையும் இருப்புப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரசீதில் ஆறு மின்விசிறி என்றால் வகுப்பறையில் ஆறு சுழல வேண்டும். ஒரே கடையின் ரசீதுகள் வெவ்வேறு மாதத் தேதியிட்டு 41, 42, 43 என்று அடுத்தடுத்த எண்ணில் இருந்தால், ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். ஜிஎஸ்டி எண்ணை இணையதளத்தில் இட்டுப் பார்த்தால் கடை இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். எழுதாமல் விட்ட இடத்தின் மேல் கையெழுத்துப் போடாதீர்கள், கோடு அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பட்ஜெட்டில் அறிவித்த தொகை உண்மையில் செலவானதா என்று சாதாரண ஆளால் பார்க்க முடியுமா? – வாசகர், மதுரை

முடியும். ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குச் சட்டமன்றத்தில் வைக்கும் மானியக் கோரிக்கையின் எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலம் 4, உயர்கல்வி 20, பள்ளிக் கல்வி 43. நிதித் துறை இணையதளத்தில் அந்த ஏட்டைத் திறந்தால் ஒவ்வொரு தலைப்புக்கும் நான்கு நெடுவரிசை இருக்கும். 2025–26 ஏட்டில் 2023–24-இன் கணக்கு, 2024–25-இன் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, 2025–26-இன் பட்ஜெட் மதிப்பீடு. மேடையில் பேசப்படுவது கடைசி எண். நீங்கள் பார்க்க வேண்டியது முதல் எண், அதாவது உண்மையில் செலவான பணம். அதை இரண்டு ஆண்டு முந்தைய ஏட்டில் அதே தலைப்புக்கு அறிவித்த மதிப்பீட்டோடு ஒப்பிடுங்கள். உதவித்தொகைத் தலைப்பில் செலவு தொடர்ந்து குறைந்தால், தகுதியுள்ளவர் குறைந்தார்களா, விண்ணப்பம் தேங்கியதா என்று சட்டமன்ற உறுப்பினர் மூலம் வினா எழுப்பலாம்.

தணிக்கை அறிக்கையையும் விடாதீர்கள். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2018-ஆம் ஆண்டின் 12-வது அறிக்கை, தமிழகம் உட்பட ஐந்து மாநிலங்களில் 2012 முதல் 2017 வரை ஆதிதிராவிடர் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை எப்படி நடந்தது என்பதைப் பற்றியது. மாவட்ட அலுவலகத்தில் பேசும்போது, ‘தணிக்கையில் சுட்டிய குறை என்னவாயிற்று?’ என்ற கேள்விக்குக் கிடைக்கும் மரியாதையே வேறு.

கேள்வி: ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெறும் ஆய்வாளர் நான். மாதக் கணக்கில் தொகை வரவில்லை. – வாசகர், கோவை

யு.ஜி.சி.க்கு (பல்கலைக்கழக மானியக் குழு) எழுதும் முன் உங்கள் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். மாதம் 37,000 ரூபாய் தானாக வராது. உங்கள் வருகையைப் பல்கலைக்கழகத்தில் ஒருவர் இணையத்தில் பதிய, மற்றொருவர் ஒப்புதல் தர வேண்டும். இருவரில் ஒருவர் விடுப்பிலோ மாறுதலிலோ போய் மாற்று ஆள் நியமிக்கப்படாவிட்டால் அந்த மாதம் அங்கேயே நின்றுவிடும். பதிவு செய்த தேதி, ஒப்புதல் தேதி இரண்டையும் மாதவாரியாகப் பதிவாளரிடம் எழுத்தில் கேளுங்கள். இரண்டு தேதியும் இருந்தும் பணம் இல்லையென்றால் மத்திய அரசின் குறைதீர் தளத்தில் அவற்றைக் குறிப்பிட்டுப் புகார் பதியுங்கள். அங்கே 21 நாள் கெடு. இரண்டாம் ஆண்டு முடிகிறது என்றால் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) மதிப்பீட்டுக் குழுவை இரண்டு மாதம் முன்பே கூட்டச் சொல்லி நெறியாளரிடம் இன்றே கடிதம் கொடுங்கள்.