யாழினிக்கு ஒரு கோடி விழுந்தால், கையில் எவ்வளவு நிற்கும்?

கேள்வி: வணக்கம் சார். நான் கடலூரில் பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிறேன். என் வயசுக்காரர்களுக்காக ஒரு காதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதாநாயகி யாழினிக்கு 19 வயசு. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் காதலிக்கும் சரவணன் முதுநகரில் பைக் மெக்கானிக். பஸ் ஸ்டாண்டில் அவள் வாங்கிய லாட்டரிச் சீட்டுக்கு ஒரு கோடி ரூபாய் விழுகிறது. மறுநாளே பணம் வந்துவிடுகிறது. சில்வர் பீச் பக்கத்தில் வீடு வாங்குகிறாள். சரவணன் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைக்க 10 லட்சம் கொடுக்கிறாள். தன்மானம் இடம் கொடுக்காமல் அவன் மறுத்துவிட்டுப் பிரிந்து போகிறான். இதற்கிடையே தாய்மாமா பணத்தைத் தன் பெயரில் போடச் சொல்லி நெருக்குகிறார். படித்துப் பார்த்த தோழி, “காதல் நம்பும்படி இருக்கு, பணம் நம்பும்படி இல்லை” என்கிறாள். நிஜத்தில் யாழினிக்கு எவ்வளவு கிடைக்கும்? காதலனுக்குப் பணம் கொடுத்தால் சட்டப்படி சிக்கல் உண்டா? அவள் அந்தப் பணத்தை என்ன செய்ய வேண்டும்? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: கதைக்குள் இருக்கும் பெண்ணுக்கு ஆலோசனையா என்று நான் நினைக்கவில்லை. உங்கள் நாவலைப் பதினேழு, பதினெட்டு வயசுப் பிள்ளைகள் படிப்பார்கள். பெரிய பணம் கைக்கு வந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்கு வீட்டிலும் சொல்லித் தருவதில்லை, கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. யாழினி செய்வது அவர்கள் மனதில் பதியும். அதனால் என்னிடம் நேரில் வந்து உட்கார்ந்த பெண்ணுக்குச் சொல்வதையே அவளுக்கும் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சீட்டு. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை இருக்கிறது. கடலூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கினாள் என்றால், அது ஒளித்து விற்கிற மூன்று நம்பர் சீட்டாகத்தான் இருக்கும். அதில் கோடியெல்லாம் விழாது. அந்தச் சீட்டால் அன்றாடக் கூலியைத் தொலைத்த குடும்பங்கள் நம் மாவட்டத்தில் உண்டு, அதை அதிர்ஷ்டமாகக் காட்டிவிடாதீர்கள். கேரள அரசின் லாட்டரி முறையானது, ஆனால் சீட்டை அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். இதற்கு ஒரு வழி சொல்லட்டுமா? யாழினியின் சித்தப்பா புதுச்சேரி அரசுப் பள்ளி ஆசிரியர், அவருக்கு மாஹேவுக்கு மாற்றலாகிறது என்று வையுங்கள். மாஹே புதுச்சேரியைச் சேர்ந்தது, ஆனால் சுற்றிலும் கேரளம். சித்தப்பா வீட்டுக்குப் போனவள் பக்கத்துக் கேரள ஊரான தலச்சேரியின் கடைத்தெருவில் ஒரு சீட்டு வாங்கினாள் என்றால் யாரும் குறை சொல்ல முடியாது.

இப்போது கணக்கு. ஒரு கோடியில் முதலில் ஏஜென்ட் கமிஷன் போகும், அது 10 சதவீதம் என்று வையுங்கள். மீதி 90 லட்சம். அதில் 30 சதவீதம், அதாவது 27 லட்சத்தை வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு 63 லட்சம் தருவார்கள். பலரும் கணக்கு அத்தோடு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். 50 லட்சத்துக்கு மேல் வருமானம் போனால் வரியின் மீது 10 சதவீதம் கூடுதல் வரி உண்டு, அதற்கும் மேலே 4 சதவீதம் செஸ். இந்த இரண்டும் சேர்ந்து 3,88,800 ரூபாய். இதை யாழினியே கட்ட வேண்டும். கடைசியில் அவளுக்கு மிஞ்சுவது சுமார் 59 லட்சம். லாட்டரிப் பணத்துக்கு அடிப்படை விலக்கும் கிடையாது, சேமிப்புக்கான வரிக் கழிவும் கிடையாது. ஜவுளிக்கடையில் அவள் சம்பளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இது மாறாது.

மறுநாளே பணம் வரவும் வராது. சீட்டின் பின்பக்கம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, குலுக்கல் முடிந்த 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். பிறகு சரிபார்ப்பு, காகிதங்கள் என்று வாரக்கணக்கில் போகும். கையில் சல்லிக்காசு இல்லாமல் ஊர் முழுக்கக் கோடீஸ்வரி என்று பேசப்படுகிற நாட்கள் அவை. வழக்கம்போல் காலையில் கடைக்குப் போய்ப் புடவை மடிக்கிறாள், கடன் கேட்பவர்கள் கடை வாசலிலேயே நிற்கிறார்கள். நான் எழுத்தாளன் இல்லை, ஆனாலும் உங்கள் நாவலின் சுவையான பகுதி இங்கேதான் கிடைக்கும் என்று தோன்றுகிறது. “பரிசு விழுந்திருக்கிறது, வரியை முன்பணமாகக் கட்டுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் ஒருவன் இந்த நேரத்தில் அவளைப் பிடிக்கலாம். நிஜப் பரிசில் வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள், முன்கூட்டிக் கட்டச் சொல்ல மாட்டார்கள். அப்படி யாராவது கேட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று யாழினி வாயாலேயே சொல்ல வையுங்கள். கேரள அரசு பம்பர் பரிசு வென்றவர்களுக்குப் பணத்தைக் கையாள 2023-ல் ஒரு பயிற்சி வகுப்பே நடத்தியது. பரிசு வாங்கியவர்கள் அலைக்கழிந்ததைப் பார்த்துத்தான் அதற்கான தேவை வந்தது.

சரி, சரவணனுக்கு வருவோம். வருமான வரிச் சட்டத்தில் காதலன் ‘உறவினர்’ இல்லை. உறவினர் அல்லாதவரிடமிருந்து ஒரு வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் இனாமாக வந்தால், மொத்தத் தொகையும் வாங்கியவரின் வருமானமாகிவிடும். கழிவுகள் போக ஒர்க்‌ஷாப்பில் அவன் வருமானம் வருஷத்துக்கு 3 லட்சம் என்று வைத்தால், யாழினி கொடுக்கும் 10 லட்சத்தோடு 13 லட்சம். இப்போதைய புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை, 13 லட்சத்துக்கு சுமார் 78,000 ரூபாய் வரி வரும். அன்பாகக் கொடுத்த பணத்துக்கு அவன் தன் கையிலிருந்து வரி கட்டுவான். இதே பணத்தைக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தால் வரி இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு மனைவியாகக் கொடுத்தாலும் இல்லை. ஆனால் மனைவியாகக் கொடுத்த பணத்திலிருந்து வரும் வருமானத்தை யாழினியின் கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

அவன் மறுப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் மறுத்துவிட்டு ஊரை விட்டுப் போவதுதான் தன்மானம் என்று நீங்கள் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவன் அதைக் கடனாகக் கேட்கலாமே! பணம் பேங்க் வழியாகத்தான் போக வேண்டும், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு புரோநோட்டு, நியாயமான வட்டி. கடன் வருமானம் ஆகாது, அதனால் அந்த 78,000 பிரச்சினையும் இல்லை. புரோநோட்டை வைத்து வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. அதற்குள் ஒரு தொகை கட்டி, பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால் கெடு அன்றிலிருந்து புதிதாக ஓடும். கோபித்துக்கொண்டு பிரிந்த இரண்டு பேர் அந்த வரவு எழுதுவதற்காகவே சந்தித்தாக வேண்டும் என்றால், உங்களுக்கு எத்தனை அத்தியாயம் கிடைக்கும் பாருங்கள்! அதுவும் வேண்டாம் என்று அவன் முத்ரா கடனுக்கு பேங்க் படி ஏறினாலும் நல்லதுதான். ஈடு இல்லாமல் 10 லட்சம் வரை கேட்கலாம்.

பணத்தைக் கொடுத்துத்தான் காதலை நிரூபிக்க வேண்டும் என்ற எண்ணம் யாழினிக்கு வர வேண்டாம். இதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். பத்தொன்பது வயசுப் பெண்ணிடம் பணம் வந்ததும் அப்பா, மாமா, காதலன் எல்லாருமே “உனக்கு என்ன தெரியும்” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பதினெட்டு முடிந்துவிட்டது, கணக்கு அவள் பெயரில் மட்டும் இருக்கலாம். மாமாவுக்குச் சட்டப்படி எந்தக் கையெழுத்து உரிமையும் கிடையாது. ஆறு மாதம் எதுவும் வாங்காமல், யாருக்கும் கொடுக்காமல் இருக்கட்டும். முதலில் அந்த 3,88,800-ஐத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். மீதியைப் பல பேங்குகளில் பிரித்து டெபாசிட் போடலாம், ஏனென்றால் ஒரு பேங்கில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. 59 லட்சத்துக்கு 6.5 சதவீத வட்டி என்று வைத்தாலே மாதம் 32,000 ரூபாய் அளவுக்கு வரும். ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு தேவனாம்பட்டினம் பெரியார் கல்லூரியில் சேர்ந்து படிக்க அது தாராளம். பெரிய பணத்தால் ஒரு இளம்பெண் வாங்கக்கூடியதில் எனக்குப் பிடித்தது இந்தப் படிப்புதான்.

சில்வர் பீச் வீடு வேண்டாம். 59 லட்சத்தையும் அது விழுங்கிவிடும், கடலோரக் கட்டுப்பாடுகள் வேறு இருக்கின்றன. வாங்கியே தீருவாள் என்றால் வில்லங்கச் சான்றும் பட்டாவும் பார்க்கிற காட்சி ஒன்றாவது வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். லாட்டரியே வேண்டுமா என்று யோசியுங்கள். நம் ஊரில் இருபது வயசுப் பெண் கைக்குப் பெரிய பணம் வருவது, நான் பார்த்தவரை, பெரும்பாலும் அப்பா இறந்த பிறகுதான். சிப்காட்டில் வேலை பார்த்த அப்பா மாரடைப்பில் போய்விடுகிறார். பி.எஃப்., கிராஜுவிட்டி, பி.எஃப்.போடு சேர்ந்த காப்பீடாக அதிகபட்சம் 7 லட்சம், எல்.ஐ.சி. பாலிசி என்று ஒவ்வொன்றாக வரும். அது சந்தோஷப்பட முடியாத பணம், வேண்டாம் என்று தள்ளவும் முடியாது. அந்தப் பெண்ணின் காதல் அங்கே எப்படி இருக்கும் என்று எழுத இன்னும் நிறைய இருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் கவனம்: பேங்க் டெபாசிட்டுக்கு நாமினி யாழினி என்றால் பணத்தை வாங்கும் உரிமைதான் அவளுடையது, முழுப் பணமும் அவளுடையது ஆகாது. உயில் இல்லாத இந்துக் குடும்பத்தில், அவள் ஒரே பெண் என்றால், அம்மாவுக்கு ஒரு பங்கு, யாழினிக்கு ஒரு பங்கு, அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும் சமமாக ஒரு பங்கு. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் பாட்டியின் பெயரும் இருக்கும், அதை விட்டுவிடச் சொல்லி மாமா நெருக்கலாம். அந்த அத்தியாயத்தை எழுதினால் எனக்கு அனுப்புங்கள், கணக்கையும் சட்டத்தையும் சரிபார்த்துத் தருகிறேன்.