ஈரோட்டில் மாடி ஹாலில் 8 அடி பவளத் தொட்டி (உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைக்கலாமா?

8 அடி நீளம், 3 அடி அகலம், 2.5 அடி உயரம் என்கிறீர்கள். மாடி வேண்டாமுங்க. விளிம்புவரை நிரப்பினால் 1,700 லிட்டர். கடல்நீர் எடை மட்டுமே 1.7 டன்னைத் தாண்டும். கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு எல்லாம் தனிக்கணக்கு. தரைத்தளத்தில் ரசமட்டம் பார்த்து வையுங்கள்.

போர் தண்ணியும் உப்புத் தண்ணிதானே என்று அதையே ஊற்றிவிடாதீர்கள், அது வேறு உப்பு! ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலவை, மொத்தம் 60 கிலோ. தண்ணீரின் வெப்பம் 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். நம்மூர் சித்திரை வெயிலுக்குச் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாவிட்டால் பவளம் வெளுத்துவிடும். கரண்ட் போனால் தண்ணீரைச் சுழற்றும் அலை பம்பாவது இன்வெர்ட்டரில் ஓடட்டும்.

முக்கியமானது: கல் பவளங்கள் 2001 முதல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யார் நீட்டினாலும் வாங்காதீங்க.