பழைய லாஞ்சின்ஸ் டயலுக்கு மறுவண்ணம் பூச வேண்டாம்

வணக்கம். தாத்தா விட்டுச்சென்ற லாஞ்சின்ஸ் கைக்கடிகாரத்தின் டயல் ஓரங்களில் பழுப்பேறியிருப்பதால், புதிதாக வண்ணம் பூசலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது டயலைத்தான். டயலில் உள்ள, 1889இல் பதிவு செய்யப்பட்ட லாஞ்சின்ஸ் நிறுவனத்தின் சிறகு முளைத்த மணற்கடிகாரச் சின்னத்தின் மெல்லிய கோடுகள் மறுபூச்சில் தடித்துப்போனால், இயந்திரம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

அனுபவமுள்ள கடிகாரப் பழுதுபார்ப்பவரிடம் பின்மூடியைத் திறக்கச் சொல்லி, இயந்திரத்தில் பொறித்துள்ள வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1832இல் சுவிட்சர்லாந்தின் சான்-இமியே ஊரில் தொடங்கிய அந்த நிறுவனம் தன் பழைய பேரேடுகளை இன்றும் பாதுகாத்து வருகிறது. எண்ணை எழுதி அனுப்பினால், கடிகாரம் எந்த ஆண்டில் எந்த நாட்டு முகவருக்குச் சென்றது என்பதைப் பெரும்பாலும் தேடித் தருவார்கள். என்னைப் பொறுத்தவரை, அந்த விவரங்கள் அடங்கிய தாள் பளபளக்கும் டயலைவிடப் பெரிய சொத்து. இப்போதைக்கு இயந்திரத்தைப் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெயிட்டால் போதும். கேஸுக்கு (வெளிக்கூட்டுக்கு) பாலிஷ் போடவும் விடாதீர்கள்.