குளியலறைச் சிலந்தியும் அதன் வெள்ளை வில்லையும்

வணக்கம் சகோதரி. மன்னார்குடி ஓட்டு வீட்டுக் குளியலறையில் உள்ளங்கை அகலச் சிலந்தி, வயிற்றடியில் வெள்ளை வில்லை, கொல்லவும் மனசில்லை, உள்ளே போகவும் பயம் என்று எழுதியிருந்தீர்கள்.

அது வலை கட்டாத வேட்டைச் சிலந்தி. கரப்பானைத் தின்னும். வில்லை அதன் முட்டைப்பை. சீண்டினால் கடிக்கலாம், வலிக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. மருந்து மட்டும் அடிக்காதீர்கள்: உடனே சாகாமல் தறிகெட்டு ஓடும், பாவம்.

பிடித்து வெளியே விட்டுவிடலாம். அதற்கு டம்ளர் சிறிசு, விளிம்பில் கால் நசுங்கும். 15 செ.மீ. வாயுள்ள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டப்பாவும் பழைய காலண்டர் அட்டையும் போதும். அசையாதிருக்கும்போது மெல்ல மூடி, எட்டுக் காலும் உள்ளே வந்ததா பாருங்கள். பிறகு அட்டையைச் சுவரோடு ஒட்டி டப்பாவுக்கு அடியில் செருகுங்கள். கால் தானாக அட்டைமேல் ஏறும். அவசரப்பட்டால் கால் ஒடியும். கொல்லையில் விறகடுக்கின் பக்கம் டப்பாவைச் சாய்த்துவிட்டு விலகுங்கள்.

அதற்குமுன், வெறும் சுவரில் காலி டப்பாவை மூடிப் பழகுங்கள். பிறகு குளியலறை வாசலில் நின்று சிலந்தியைப் பாருங்கள். படபடப்பு தணிந்த பிறகே ஓரடி முன்னே. படபடப்பின் உச்சத்தில் ஓடிவந்தால் பயம்தான் வலுக்கும். இன்று ஓரடி போனாலே போதும்.

தண்ணீர் போகும் துளைக்குச் சல்லடை மூடி போடுங்கள். கரப்பான் குறைந்தால் இதுவும் குறையும்.